கம்பெனி லீக்கில் ஆள் எடுத்த நாள்

என் தம்பி நன்றாக ஆடிய ஒவ்வொரு நாளும் எனக்குப் பயம் கூடியது. கூடைப்பந்தில் அவன் கை அப்படி. எவ்வளவு தூரத்திலிருந்து எறிந்தாலும் பந்து வளையத்தில் இடிக்காது. வலையை மட்டும் சிலிர்க்க வைத்துவிட்டுக் கீழே இறங்கும். சுற்றி நிற்பவர்கள் விசிலடிப்பார்கள். நான் மட்டும் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, போதும்டா, இத்தோடு நிறுத்திக்கோ என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருப்பேன். எல்லாரையும்விட நன்றாக ஆடுகிறவன் எல்லாவற்றையும்விட மோசமான இடத்துக்குத்தான் போயாக வேண்டும் என்று அப்போது ஒரு சட்டம் இருந்தது.

சர்க்கார் சட்டம் இல்லை, ஆட்டத்துக்குள் போட்டுக்கொண்ட சட்டம். ஐம்பதுகளின் நடுவில் எங்கள் பக்கம் ஐந்து கம்பெனிகள் கூடைப்பந்து அணி வைத்திருந்தன. துறைமுகம், பெரம்பூர் ரயில் பட்டறை, ஒரு பஞ்சாலை, ஒரு எண்ணெய்க் கம்பெனி, அப்புறம் எண்ணூர் போகிற வழியில் இருந்த ஆசிட் தொழிற்சாலை. வருஷத்தில் பாதி நாள் இவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுவார்கள். கம்பெனி லீக் என்று பெயர். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் நல்ல ஆட்டக்காரனை இவர்கள் எடுத்துக்கொண்டால் அவனுக்கு அங்கேயே நிரந்தர வேலை. முன்பெல்லாம் ஹாஸ்டல் வாசலிலேயே நின்று பையன்களைப் பிடிப்பார்கள். ஒரு பையன் இரண்டு கம்பெனிக்கும் கையெழுத்துப் போட்டுவிட, இரண்டு கம்பெனி ஆட்களும் மைதானத்திலேயே மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு கல்லூரியின் டிரில் மாஸ்டர் தலையிட்டார். அவர் அமெரிக்காவுக்குப் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். அங்கே செய்கிற மாதிரியே இங்கேயும் செய்யலாம் என்றார். வருஷத்துக்கு ஒரு நாள், ஒரே இடத்தில், எல்லாக் கம்பெனியும் உட்கார வேண்டும். லீக்கில் கடைசியாக வந்த அணி முதலில் ஒரு பையனைக் கூப்பிடும். அடுத்து அதற்கு மேலே இருக்கும் அணி. முதலாவதாக வந்த அணி கடைசியில் கூப்பிடும். கூப்பிட்டால் போக வேண்டியதுதான். மாட்டேன் என்கிறவனை வேறு எந்தக் கம்பெனியும் தொடக்கூடாது. அப்போதுதான் எல்லா அணியும் சமமாக இருக்கும் என்று அவர் விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

எனக்குப் புரிந்தது வேறு. லீக்கில் துறைமுகம் எப்போதும் முதலில் வரும். ஆசிட் கம்பெனி எப்போதும் கடைசி. என் தம்பி ஆட்டத்தில் முதல். அப்படியானால் அவன் எங்கே போவான்?

அந்த மாஸ்டர் இதற்கு வைத்த பெயர் டிராப்ட். தம்பி அந்த வார்த்தையை முதன்முதலாக வீட்டில் சொன்ன சாயங்காலம் அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இந்த வருசம் டிராப்ட்ல என் பேரும் கீதும்மா" என்றான்.

அம்மாவின் கை நின்றுவிட்டது. "இன்னாடா சொன்ன?"

"டிராப்ட்மா. கம்பெனிக்கு ஆள் எடுக்கிறது."

"அந்தப் பேச்ச இந்த வூட்ல பேசாத" என்று கூடையைக் கவிழ்த்துவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

அவனுக்குப் புரியவில்லை. அந்த வார்த்தை முதல் தடவை வீட்டுக்குள் வந்தபோது அவன் சின்னப் பிள்ளை. எங்களுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான். சண்டைக் காலத்தில், பட்டணத்தின்மேல் குண்டு விழப் போகிறது என்று ஊரே காலியான வருஷத்துக்கு அடுத்த வருஷம், பட்டாளத்தில் சேர்ந்தான். பயிற்சி முகாமிலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். நான்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். கடைசிக் கடிதத்தில், "அடுத்த டிராப்டில் என் பெயர் வந்திருக்கிறது, பர்மா எல்லைப் பக்கம் என்கிறார்கள்" என்று எழுதியிருந்தான். டிராப்ட் என்றால் என்ன என்று அம்மா கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. குண்டுக்குப் பயந்து மூடின பள்ளிக்கூடத்தைத் திரும்பத் திறந்தபோது நான் போகவில்லை. ஏழாம் வகுப்போடு சரி. துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவரிடம் போய்க் கேட்டேன். கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழம் முங்குகிறதோ அதற்குப் பெயர் டிராப்ட், பாரம் ஏற ஏற அது அதிகமாகும் என்றார். அதையே வந்து அம்மாவிடம் சொன்னேன். அண்ணன் ஏறிப்போன கப்பல் முங்கிவிட்டதாக அம்மா அன்றே அழ ஆரம்பித்தாள். ஆட்களைப் பட்டியல் போட்டுச் சண்டைக்கு அனுப்புவதுதான் அது என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அம்மா அழுததில் தப்பு ஒன்றும் இல்லை. காணவில்லை என்று ஒரு காகிதம் வந்தது, அவ்வளவுதான்.

அந்த வார்த்தை இரண்டாவது முறை எங்கள் வீட்டுக்குள் வந்திருக்கிறது, இந்தத் தடவையும் ஒருவனைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இப்படித் தோன்றுவது எனக்குப் புதிதல்ல. யாராவது வர நேரமானால் அவர்கள் சவப்பெட்டி வரைக்கும் யோசித்துவிடுகிற ஆள் நான். தம்பி என்னைக் கேலி செய்வான். "அக்கா, நீ கவலப்பட்ட எதுவாச்சும் ஒண்ணு நடந்துகீதா, சொல்லு?" கவலைப்பட்டதால்தான் நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் ஆசிட் கம்பெனி விஷயத்தில் என்னிடம் சாட்சி இருந்தது.

நான் தையல் வேலை செய்து வந்தேன். ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்பக்கத் தெருவில் வீடு, முன்னறையில் மிஷின். பள்ளிக்கூடச் சட்டை, பாவாடை, சர்ச்சில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பு. தம்பி ஆட்டக்காரன் என்பதால் கம்பெனி அணிகளின் பனியனுக்கு எண் தைக்கிற வேலையும் வந்தது. எண்ணெய்க் கம்பெனிப் பனியன் ஒரு சீசன் முழுக்கத் தாங்கும். பட்டறைப் பனியனில் கிரீஸ் கறை இருக்கும், துணி கெட்டியாக இருக்கும். ஆசிட் கம்பெனிப் பனியன் மட்டும் மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடும். எண்ணை மாற்ற வேண்டும் என்று கொடுப்பார்கள். பழைய எண்ணைப் பிரிக்க ஊசியை வைத்தால் நூல் தானாகவே தூள் தூளாக உதிரும். துணியை இரண்டு விரலால் இழுத்தால் நனைந்த காகிதம் மாதிரி சத்தமில்லாமல் கிழியும். தோள் பக்கம் குண்டூசித் தலை அளவில் ஓட்டைகள். பத்துப் பனியனிலும் அப்படித்தான்.

துணியே இப்படி என்றால் அதற்குள் இருக்கிற உடம்பு எப்படி இருக்கும்? நான் தையல்காரி. துணியைப் பார்த்தால் போட்டவன் எப்படி நடக்கிறான், எந்தத் தோளில் பாரம் தூக்குகிறான் என்று சொல்லிவிடுவேன். அந்தப் பனியன்களைப் பார்த்தபோது அதைப் போட்டவர்களின் நெஞ்சுக்கூடு எனக்குத் தெரிந்தது. வாடைக்காற்று நாட்களில் திருவொற்றியூருக்கு அப்பாலிருந்து தொண்டையைக் கரகரக்க வைக்கும் ஒரு நெடி எங்கள் தெரு வரைக்கும் வரும். அப்போதெல்லாம் கதவைச் சாத்திவிட்டு, அந்தப் பனியன் மூட்டையை வீட்டுக்கு வெளியில் எடுத்து வைப்பேன்.

அந்தப் பனியன்களைக் கொண்டுவருகிறவர் அந்த அணியின் செக்ரட்டரி. தொழிற்சாலையில் ஸ்டோர் குமாஸ்தா. வாய் ஓயாத மனிதர், கெட்டவர் இல்லை. டிராப்டுக்கு எட்டு நாள் இருக்கும்போது வந்தார்.

"தங்கச்சி, ஒரு புதுப் பனியன் தைக்கணும். நம்பர் ஏழு. அளவு உனக்கே தெரியும்" என்று சிரித்தார்.

ஏழு என் தம்பியின் எண்.

"யாருக்கு அண்ணாத்தே?" என்றேன், தெரிந்துகொண்டே.

"யாருக்கா? மொதல் சான்ஸ் நம்மளுது. உன் தம்பியத் தவுர வேற எவனக் கூப்புடுவேன்? வருசா வருசம் கடேசில வந்து வந்து எங்க மானமே கப்பலேறிட்சி. இவன் வந்தா துறைமுகத்துக்காரன அழ வுட்றோம், பாரு. அவன எங்க போடப் போறோம்னு கேளேன்—"

"அவனுக்கு முட்டி சரியில்ல அண்ணாத்தே."

இதைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவர் எந்த வேலையில் போடப் போகிறார் என்று காதால் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை, அதனால் வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு நிறுத்தத் தெரியவில்லை. "இடது முட்டி. ஆடிட்டு வந்தா பொட்டலமா வீங்கிக்குது. ஒத்தடம் குடுத்துத்தான் காலேஜுக்கு அனுப்புறேன். யார்ட்டயும் சொல்லாதன்னு சொல்லிகீறான். நீங்க சொல்லிடாதீங்க."

அவர் முகம் விழுந்தது. "அட கஷ்டமே" என்றார். "பார்த்தா அப்டி தெரில்லியேம்மா."

"வெளிய தெரியாது. நல்லா ஆடறப்ப ஒண்ணும் தெரியாது."

அவர் துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். படியிறங்கும்போது திரும்பி, "சொன்னியே, நல்லதாப் போச்சு. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார். டிராப்ட் நாளில் அந்த வார்த்தையை அவர் காப்பாற்றினார்.

என் கணக்கு இதுதான். ஆசிட் கம்பெனி விட்டுவிடும். அடுத்து எண்ணெய்க் கம்பெனி எடுக்கும், இல்லாவிட்டால் பஞ்சாலை. யாருமே எடுக்காமல் கடைசியில் துறைமுகத்துக்கு அவன் கிடைத்தால் அதைவிட நல்லது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். எத்தனை தடவை கூட்டிக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு சரியாகத்தான் வந்தது. இருந்தாலும் அந்த எட்டு நாளும் சாப்பாடு இறங்கவில்லை. தம்பி மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டால் இடது காலைப் பார்ப்பேன். என் நாக்கே அவன் முட்டியைக் கெடுத்துவிடுமோ என்று பயம். அவன் திடுதிடுவென்று குதித்து இறங்குவான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சர்ச்சுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். நான் சுவரோரமாக நின்ற நாலைந்து பெண்களோடு நின்றேன். மாஸ்டர் ஒரு கரும்பலகை வைத்துப் பன்னிரண்டு பையன்களின் பெயரையும் எழுதியிருந்தார். பையன்கள் கல்லூரிப் பனியனோடு மைதானத்தின் நடு வட்டத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரில் ஐந்து நாற்காலி, ஐந்து கம்பெனி ஆட்கள். கூப்பிடப்பட்டவன் எழுந்து போய் அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்க வேண்டும். கம்பெனிக்கு இரண்டு பேர். பத்துப் பேர் எழுந்துகொள்வார்கள், இரண்டு பேர் உட்கார்ந்தே இருப்பார்கள்.

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முதல் பெயர் தன் பெயர்தான் என்று அவனுக்குத் தெரியும், எல்லாருக்குமே தெரியும். மாஸ்டர் ஆசிட் கம்பெனி செக்ரட்டரியைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு ஒரு பையன் பெயரைச் சொன்னார், உயரமான ஒரு தூத்துக்குடிப் பையன்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. தம்பி பாதி எழுந்தவன் அப்படியே உட்கார்ந்தான். எனக்கு மூச்சு வந்தது. மாதாவே, உனக்கு மெழுகுவத்தி, என்று நேர்ந்துகொண்டேன்.

அப்போது எண்ணெய்க் கம்பெனிக்காரர் பக்கத்து நாற்காலிக்குச் சாய்ந்து ஏதோ கேட்டார். நமக்கு விட்டுக்கொடுத்தது ஏன் என்றுதான் கேட்டிருப்பார். செக்ரட்டரி வாயைத் திறக்கவில்லை. சொல்ல மாட்டேன் என்று எனக்குக் கொடுத்த வார்த்தை இருந்ததே. உதட்டைப் பிதுக்கினார். பிறகு தன் இடது முட்டியை உள்ளங்கையால் இரண்டு தடவை தேய்த்தார்.

எண்ணெய்க் கம்பெனிக்காரர் என் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். வேறு பெயரைச் சொன்னார். பஞ்சாலைக்காரருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேர் வேண்டாம் என்று விட்ட பையனை மூன்றாவது ஆள் எதற்குத் தொடுவார்? பட்டறையும் விட்டது. துறைமுகமும் விட்டது. முதல் சுற்று முடிந்தது.

"உன் தம்பிய ஏன் வுட்டாங்கோ?" என்று பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள். "எதுனா தகராறு பண்ணிகினானா?"

"தெரில்லியே" என்றேன்.

இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு பெயரும் பலகையிலிருந்து அழிந்துகொண்டே வந்தது. தம்பி திரும்பிக் கூட்டத்தில் என்னைத் தேடினான். எதற்கு என்று எனக்குத் தெரியும். நீ கவலைப்படாதே என்று கண்ணைக் காட்டத்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அங்கேயே போய்ச் சொல்லியிருக்கலாம். மைதானத்தின் நடுவில் நடந்துபோய், நான் பொய் சொன்னேன், அவன் முட்டியில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். எத்தனை ஆண்பிள்ளைகள் முன்னால், எப்படிப் போவேன் என்று நின்றேன். அப்படிச் சொன்னால் ஆசிட் கம்பெனி அடுத்த நிமிஷமே அவனைக் கூப்பிட்டுக்கொள்ளும் என்ற பயமும் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

கடைசி அழைப்பு துறைமுகத்துக்கு. உட்கார்ந்திருந்தது மூன்று பேர். துறைமுகத்துக்காரர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மாஸ்டரிடம், "அந்த ஏழாம் நம்பர் பையனை எழுந்து நாலடி ஓடச் சொல்லுங்க" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓடினால் போதும். அவன் ஓட்டத்தைப் பார்த்தவன் விடமாட்டான்.

தம்பி ஒன்றரை மணி நேரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். ஆவேசமாக எழுந்தான். கால் மரத்துப்போயிருந்தது. முதல் அடியில் இடது கால் மடங்கி, கையை ஊன்றிக்கொண்டான். "ஒண்ணுமில்ல சார், கால் மரத்துகிச்சு" என்று சிரித்துக்கொண்டே உதறினான். அதற்குள் துறைமுகத்துக்காரர் வேறு பக்கம் திரும்பி இன்னொரு பெயரைச் சொல்லிவிட்டார்.

பலகையில் இரண்டு பெயர் மிச்சம் இருந்தது. மாஸ்டர் டஸ்டரை எடுத்து அதையும் அழித்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் பந்தைத் தட்டாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். அம்மா மட்டும், "எடுக்கிலியா? கர்த்தர் காப்பாத்துனார்" என்று முழங்கால் போட்டாள். அவன் பந்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான்.

அதற்குப் பிறகு நாலு மாதம் வேலைக்கு அலைந்தான். ஆடிக்கொண்டு படித்தவனின் மார்க்குக்கு ஆபீஸ் வேலை கிடைக்கவில்லை. விடிந்ததும் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு போவான், சாத்தாங்காடு, பெரம்பூர் என்று சுற்றிவிட்டு வெயிலோடு திரும்புவான். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம், அப்போது சிரித்துவிடுவான் என்று தள்ளிப்போடுவேன். ஒரு நாள் பிற்பகல் வந்து, "வேல கெடச்சிட்சி" என்றான். எங்கே என்று கேட்டேன். அந்தச் செக்ரட்டரி பாவப்பட்டு உள்ளே சொல்லி ஏற்பாடு செய்திருந்தார். ஆட்டக்காரனாக இல்லை, சாதாரணக் கூலியாளாக. ஆசிட் கொட்டகையில்.

போகாதே என்று நான் காலைப் பிடிக்காத குறைதான். "வேற எங்க போவச் சொல்ற?" என்றான்.

ஒரு வாரம் போனான். அடுத்த ஞாயிறு மத்தியானம், அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தபோது, சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"அக்கா, என் முட்டில இன்னா?"

நான் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"செக்ரட்டரி நேத்து கேட்டாரு. 'முட்டி தேவலயா தம்பி, அதனாலதான் அன்னிக்கு வுட்டோம்'னாரு. உங்களுக்கு யார் சார் சொன்னதுன்னேன். 'உங்கக்காதான்'னாரு."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கடிதம், பனியன், நூல் உதிர்ந்தது, துணி கிழிந்தது, தோளில் ஓட்டை. நீ அந்தக் கொட்டகைக்குள் போகக்கூடாது என்றுதான் சொன்னேன் என்றேன். அவன் கத்துவான், தட்டைத் தூக்கி எறிவான் என்று காத்திருந்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

"ஆட்டக்காரங்க யாரும் கொட்டாய்க்குள்ள போறதில்லக்கா" என்றான். "அவங்கள டைம் ஆபீஸ்ல ஆஜர் எழுதப் போட்றாங்க. மெயின் கேட்டாண்ட, தனிக் கட்டடம். ஃபேன் கீது. அந்தத் தூத்துக்குடிப் பையன் அங்கதான் குந்திகினு கீறான்."

"அப்ப அந்தப் பனியன்?"

"தொவச்சிக் கொட்டாய்க்குப் பின்னால கொடில போட்டுட்றாங்க. ஒரு வாரம் ஆனாலும் எவனும் எடுக்கிறதில்ல. பொகைல துணிதான் இத்துப் போவுது."

அவன் கை கழுவிக்கொண்டு வந்தான். அடுத்த நாள் ஆறு மணி ஷிப்டு, சீக்கிரம் எழுப்பச் சொன்னான். அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லாதே என்றான். நான் வாசல்வரைக்கும் அவன் பின்னாலேயே போனேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உள்ள வேல செய்றவங்க? அவங்களுக்கு இன்னா ஆவும்?"

"எனக்கு எப்டிக்கா தெரியும்?" என்றான், கோபமில்லாமல். "நான் போய் ஒரு வாரந்தான ஆவுது."